மழைக்கு முன்னே மருந்து மலையேறட்டும்

லயத்துக் குடும்பங்கள்

திருவனந்தபுரம் மாவட்டத்து மலையூரான போனக்காடு என்றதும் பலருக்கு அகத்தியர்கூட மலையேற்றம்தான் நினைவுக்கு வரும். வெள்ளைக்காரர் காலத்துத் தேயிலைத் தோட்டம் அங்கே நின்றுபோனதும், லயங்கள் எனப்படும் ஒழுகும் வரிசை வீடுகளில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தங்கிவிட்டதும் வெளியே அதிகம் தெரியாது. காய்ச்சல் என்றால் காட்டுச்சாலை வழியே விதுராவுக்கு இறங்க வேண்டும். முற்றினால் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிதான். அடைமழையில் ஒரு மரம் சாய்ந்தாலே இந்த வழி அடைபட்டுவிடும்.

வெள்ளம் வடிந்தபின் வரும் காய்ச்சல்

2018 பெருவெள்ளத்துக்குப் பின் கேரளத்தில் எலிக்காய்ச்சல் பல உயிர்களைப் பறித்தது. எலியின் சிறுநீர் கலந்த சேறும் நீரும் காலிலுள்ள வெடிப்பு, புண் வழியே கிருமியை உள்ளே விடுகின்றன. காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். நாள் கடந்தால் சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்படும்.

அந்த வெள்ளத்தில் சேற்றில் இறங்கியவர்களுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் தடுப்பு மருந்தாகக் கொடுக்கப்பட்டது. இதை மருத்துவர் சொல்லித்தான் எடுக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் வேறு மருந்து உண்டு. சாலை அடைபடும் ஊரில் மழை வந்தபின் மருந்து தேடுவது வீண். ஜூன் பிறக்குமுன்பே மாத்திரை, உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம், குளோரின், சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஒரு மாத மருந்து எல்லாம் மேலே சேர்ந்திருக்க வேண்டும்.

வெயிலில் ஓடும் குளிர்பெட்டி

தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும். மின்கம்பி அறுந்தால் அது கெடும்; டீசல் ஜெனரேட்டர் புகையைத்தான் கூட்டும். உலகின் கரிம உமிழ்வில் சுமார் 4.4 சதவீதம் மருத்துவத் துறையிலிருந்தே வருவதாக 2019இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. சத்தீஸ்கரில் நூற்றுக்கணக்கான ஆரம்ப சுகாதார நிலையங்கள் சூரிய மின்சாரம் பெற்றுள்ளன. மலையோர நிலையங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

புகையைப் போலவே ஊசிக் கழிவும் மருத்துவம் விட்டுச்செல்லும் கேடுதான். இன்சுலின் ஊசியை ஓடையோரம் வீசினால் குப்பை பொறுக்கும் கையிலோ குழந்தையின் காலிலோ குத்தும். மூடியுள்ள கெட்டியான டப்பாவில் சேர்த்து, மருத்துவமனையில் கொடுத்துவிடுங்கள்.

விதுரா பஞ்சாயத்தும் சுகாதாரத் துறையும் ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்திலேயே லயங்களுக்கு ஒரு மருத்துவ முகாமை அனுப்ப வேண்டும்.