அத்தோ என்னும் உணவு

35 ஆண்டுகள் பள்ளிகளில் பணியாற்றியவன் நான். அவற்றுள் 11 ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்தேன். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நான் ஓயாமல் சொல்லிவந்த அறிவுரைகளுள் ஒன்று, "தெருவோரத் தள்ளுவண்டிகளில் எதையும் வாங்கி உண்ணாதீர்கள்" என்பது. அவ்வாறு சொன்னவனே இன்று தள்ளுவண்டி உணவு ஒன்றைப் பற்றி உங்களிடம் பேச வந்திருக்கிறேன். என்னிடம் படித்தவர் எவரேனும் இதனைக் கேட்டுக்கொண்டிருந்தால் சிரித்துக்கொள்ளட்டும். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு.

எங்கள் காரைக்குடியில் பர்மா காலனி என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. பெயரே அதன் வரலாற்றைச் சொல்லிவிடும். சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில் நண்பர் ஒருவரைக் காண அப்பக்கம் போனபோது, ஒரு தள்ளுவண்டியைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் நின்றுகொண்டிருந்தனர். வண்டிக்குப் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார். அவர் முன்னே அகன்ற பாத்திரமொன்றில் வேகவைத்து எண்ணெய் தடவிய கோதுமை நூடுல்ஸ், பருத்த நூல்களாகச் செம்மஞ்சள் நிறத்தில் குவிந்திருந்தது. சுற்றிலும் கிண்ணங்கள். மயிரிழைபோல் அரிந்த முட்டைக்கோசு ஒன்றில். பச்சை வெங்காயம் ஒன்றில். பொன்னிறமாக வறுத்த வெங்காயம் மற்றொன்றில். பூண்டு வறுத்த எண்ணெய், புளிக்கரைசல், வறுத்துப் பொடித்த கடலைமாவு, மிளகாய்த்தூள், உப்பு, கொத்துமல்லித்தழை என வரிசை நீண்டது.

அம்மையார் ஒரு பிடி நூலை எடுத்தார். ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் விரல் நுனியால் அள்ளிப் போட்டார். எதற்கும் கரண்டி அளவு கிடையாது; கையே அளவு. தட்டைபோல் பொரித்து வைத்திருந்த ஒன்றை நொறுக்கித் தூவினார். அதற்குப் 'பேஜோ' என்று பெயராம். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, கையுறை அணிந்த விரல்களால் நான்கைந்து முறை புரட்டிப் பிசைந்து தட்டில் வைத்தார். உடன் ஒரு கிண்ணத்தில் ஆவி பறக்கும் வாழைத்தண்டுச் சாறு. இந்தப் பிசைந்த உணவுக்குத்தான் அத்தோ என்று பெயர். சென்னையில் கடற்கரை இரயில் நிலையத்திற்கு எதிர்ப்புறம் உள்ள இரண்டாவது கடற்கரைச் சாலையில் மாலை வேளைகளில் இதற்கென்றே கூட்டம் கூடுவதை நீங்கள் கண்டிருக்கலாம்.

பெயரைச் சற்று ஆராய்வோம். தமிழாசிரியனுக்கு அது விடாத பழக்கம். பர்மிய மொழியில் ஏறக்குறைய 'அத்தோ' என்றே ஒலிக்கும் சொல்லுக்குக் கையால் பிசைந்து கலந்தது என்பது பொருள். நூடுல்ஸைப் பர்மியர் 'கௌசுவே' என்பர். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் முழுப்பெயர் ஆகும்; நம்மவர் முன்பாதியை விட்டுவிட்டுப் பிசைதலை மட்டும் வைத்துக்கொண்டனர். சோற்றைப் பிசைந்து உண்ணும் நமக்கு அது எளிதாகப் பிடிபட்டிருக்க வேண்டும்.

அதில் தூவும் கடலைமாவிலும் ஒரு செய்தி உண்டு. கொண்டைக்கடலையைப் பர்மிய மொழியில் 'கலாபெ' என்பார்கள். 'பெ' என்பது பருப்பு. 'கலா' என்பது இந்தியரைக் குறிக்க அங்கே வழங்கிய சொல். ஆக, பர்மியரின் சொந்த உணவிலேயே 'இந்தியப் பருப்பு' ஒன்று கலந்திருக்கிறது. அந்தக் 'கலா' என்னும் சொல் பல வேளைகளில் இகழ்ச்சியாகவும் வழங்கப்பட்டது என்பதை மறைப்பதற்கில்லை. அதன் காரணத்திற்குப் பிறகு வருகிறேன்.

இனி, நூல்போன்ற இந்த உணவு எவ்வாறு உருவாகிறது? வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு கைப்பிடி கோதுமை மாவைப் பிசைந்து உருட்டி, அரைமணி நேரம் ஊறவைத்து, பின்பு நீரில் மெல்லப் பிசைந்து கழுவுங்கள். வெண்மையான மாப்பொருள் கரைந்து போய்விடும். கையில் இரப்பர் போன்ற ஒரு பசை மிஞ்சும். இதுவே பசையம் எனப்படும் புரதம். இது மாவினுள் வலைபோல் பின்னிக்கொள்வதால்தான் கோதுமை மாவை இழுத்தாலும் அறாமல் நீள்கிறது. சீனர்கள் மாவைக் கையாலேயே இழுத்து இழுத்து நூலாக்குவது இதனால்தான். அம்மாவில் காரநீர் சேர்த்தால் நூல் மேலும் உறுதிப்படுவதோடு மஞ்சள் நிறமும் கொள்கிறது. நம் வண்டிகளில் காணும் செம்மஞ்சளுக்குப் பெரும்பாலும் சாயமே காரணம். அதை நான் பாராட்டமாட்டேன்.

அரிசியில் இந்தப் பசையம் இல்லை. அரிசி மாவைக் குளிர்ந்த நீரில் பிசைந்து இழுத்தால் உடைந்துபோகும். ஆகவே வேறு வழி தேவை. ஏறக்குறைய 70 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அரிசியின் மாப்பொருள் நீரை உறிஞ்சி வீங்கிக் கூழ்போல் ஒட்டும் தன்மை பெறுகிறது. எங்கள் அப்பத்தா மாவில் கொதிநீர் ஊற்றி, மரக்கரண்டியின் காம்பால் கிளறியது இதற்காகத்தான். அப்பத்தாவுக்கு வேதியியல் தெரியாது. 'தண்ணி கொதிக்கலேன்னா இடியாப்பம் முறிஞ்சிரும்' என்பது மட்டும் தெரியும். பிசைந்த மாவை உரலில் இட்டுத் துளைகளின் வழியே பிழிந்து ஆவியில் வேகவைத்தால் இடியாப்பம். முதலில் வேகவைத்துப் பிறகு பிழிந்தால் சேவை. கொங்கு நாட்டார் அதனையே சந்தகை என்பர். பர்மியர் அரிசியைப் புளிக்கவைத்து அரைத்து, பாதி வெந்த மாவாக்கி, துளைகளின் வழியே கொதிநீருக்குள்ளேயே பிழிந்துவிடுகின்றனர். அந்த அரிசி நூலை மீன்சாற்றில் இட்டு உண்பதுதான் அவர்களுடைய காலை உணவான மொய்ங்கா. அத்தோவுடன் நமக்குக் கிடைக்கும் வாழைத்தண்டுச் சாறு அந்த மொய்ங்காவின் தம்பி.

நூடுல்ஸ் என்றவுடன் சீனாவை நினைக்கிறோம். தவறில்லை. அந்நாட்டின் இலாஜியா என்னும் இடத்தில், கவிழ்ந்து கிடந்த மண்கலம் ஒன்றின் அடியில் 4000 ஆண்டுகளுக்கு முற்பட்ட நூலுணவு கிடைத்ததாக 2005இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். அது கோதுமையால் ஆனதன்று. தினையினத்துச் சிறுதானியங்களால் ஆனது என்பது அவர்கள் கண்ட முடிவு.

சரி, பர்மிய உணவு செட்டிநாட்டுக்கு வந்தது எப்படி? 1852இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவுக்குப் போகும் வழி சுருங்கியது. பர்மிய அரிசிக்குத் தேவை பெருகிற்று. ஐராவதி ஆற்றுப் படுகையில் காடு திருத்திக் கழனியாக்க உழவர்க்குப் பணம் வேண்டியிருந்தது. அப்பணத்தை வட்டிக்குக் கொடுத்தவர் நகரத்தார். 1930ஆம் ஆண்டு வாக்கில் பர்மாவில் அவர்களுடைய கடைகள் ஏறக்குறைய 1,650 என்றும், அவற்றில் புழங்கிய தொகை 75 கோடி ரூபாய் என்றும் அக்காலத்து வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. ஒரு கடை என்றால் முதலாளி மட்டும் அல்லர். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், சமையற்காரர் எனப் பலர். என் பாட்டனார் அப்படி ஒரு கடைக்குச் சமையற்காரராக இரங்கூன் மொகல் தெருவுக்குப் போனவர். கடையிலே அவர் சமைத்ததெல்லாம் நம்மூர்க் குழம்பும் கூட்டும்தான். ஆனால் விடியற்காலையில் தோளில் காவடிபோல் தண்டு சுமந்து, ஒரு பக்கம் சாறும் மறுபக்கம் நூலுமாக வரும் மொய்ங்கா விற்பவளை அவர் கடைசிவரை மறக்கவில்லை. "வாழைத்தண்டை அப்படிப் பக்குவம் பண்ண நமக்குத் தெரியாதுடா" என்று தணிந்த குரலில் சொல்வார். தணிந்த குரல் ஏன் என்றால், பக்கத்தில் அப்பத்தா இருப்பார்.

பிறகு காலம் மாறியது. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்தது. கடனைத் திருப்ப இயலாத உழவரின் நிலங்கள் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தன. 1938 அளவில் கீழ்ப்பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் பெயரில் இருந்தது. தன் நிலத்திலேயே குத்தகைக்காரனாகிப்போன பர்மிய உழவனின் மனம் எப்படி இருந்திருக்கும்? 'கலா' என்ற சொல்லில் கசப்பு ஏறியதற்கு இது ஒரு காரணம். நம் பக்கத்துக் கதையை மட்டும் சொன்னால் அது வரலாறு ஆகாது.

1941 திசம்பரில் சப்பானியர் இரங்கூன்மீது குண்டு வீசினர். இந்தியர் பல இலட்சம் பேர் வெளியேறினர். பெரும்பாலோர் காட்டு வழியே நடந்தே வந்தனர். வழியில் மாண்டோர் பலர். போருக்குப்பின் திரும்பிப் போனவர்களும், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும், 1962இல் இராணுவ ஆட்சி வந்தபின் மீண்டும் இடம்பெயர நேர்ந்தது. கடைகள் தேசவுடைமை ஆயின. 1964இல் 50, 100 கியாட் நாணயத்தாள்கள் செல்லாதவையாக்கப்பட்டன. பணமும் நகையும் எடுத்துவரத் தடை. கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களுள் பலர் வட்டிக்கடை முதலாளிகள் அல்லர். துறைமுகக் கூலிகள், சிறு கடைக்காரர்கள், தையற்காரர்கள். அவர்கள் கைக்கு வந்த சொத்து சமையற்கைப்பக்குவம் ஒன்றுதான். அதைச் சுங்க அதிகாரியால் பறிக்க முடியவில்லை.

1970ஆம் ஆண்டு நான் ஆறாம் வகுப்பில் படித்தேன். எனக்கு அடுத்த இடத்தில் இருந்தவன் அப்படி வந்த குடும்பத்துப் பிள்ளை. ஒரு நாள் பகலுணவுக்கு அவன் தூக்குச்சட்டியைத் திறந்தபோது அதிலே நீண்ட மஞ்சள் நூல்கள் இருந்தன. "புழு! புழு தின்கிறான்!" என்று ஒருவன் கத்தினான். அந்த ஒருவன் நான்தான். வகுப்பு முழுவதும் சிரித்தது. இத்தனைக்கும் அன்று காலை என் வீட்டில் நான் உண்டது இடியாப்பம். அவன் மூடியை மூடினான். மறுநாள் முதல் பகல் உணவே கொண்டுவரவில்லை; மணி அடித்ததும் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வான். அரைப்பரீட்சைக்குப் பிறகு அவன் குடும்பம் சென்னைக்குப் போய்விட்டது. பிற்காலத்தில் பிள்ளைகளின் உணவுப் பாத்திரத்தைப் பார்த்துப் பிறர் பேசுவதை நான் கடுமையாகக் கண்டித்து வந்தேன். காரணத்தை எவரிடமும் சொன்னதில்லை.

செட்டிநாட்டைக் காண வரும் பயணிகளுக்குப் பர்மாத் தேக்குத் தூண்களைக் காட்டுகிறோம். கவுனி அரிசி பர்மாவிலிருந்து வந்தது என்று விருந்தில் பெருமையாகச் சொல்லி இனிப்பாகப் பரிமாறுகிறோம். செல்வத்தோடு வந்த பர்மா வீட்டுக்குள்ளே வந்துவிட்டது. வெறுங்கையோடு வந்த பர்மா தெருவிலேயே நின்றுவிட்டது.

இதன் மறுபக்கத்தை மலேயாவிலும் சிங்கப்பூரிலும் காணலாம். அங்கே நம்மவர் சீனருடைய மஞ்சள் நூலை எடுத்து, மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் இட்டு வறுத்து 'மீ கோரேங்' என்று புதியதோர் உணவையே படைத்துவிட்டனர். 'மீ' சீனச் சொல். 'கோரேங்' மலாய்ச் சொல். அதைச் சமைத்துப் புகழ் பெற்றவர் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்கள். அவர்களுடைய கடைகளை அங்கே 'மாமாக்' கடை என்பர். நம் 'மாமா'தான் அது. நமது இடியாப்பமும் அங்கே 'புத்து மாயம்' என்னும் பெயரில் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் தூவித் தெருவில் விற்கப்படுகிறது. சிங்கப்பூரின் இத்தகைய அங்காடி உணவுப் பண்பாட்டை 2020இல் யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

என் பழைய அறிவுரையை நான் முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. வண்டியில் நீர் எங்கிருந்து வருகிறது, தட்டு எப்படிக் கழுவப்படுகிறது, சாறு கொதிக்கிறதா, நறுக்கிய காய் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு உண்ணுங்கள். நானும் அன்று பார்த்தேன். பார்த்த பின்பும் வழக்கம் விடவில்லை. "வீட்டுக்குக் கட்டிக் கொடுங்கள் அம்மா" என்றேன். தெருவில் நின்று உண்ண நாணம்.

"கட்டிக் கொடுத்தா நல்லா இருக்காது ஐயா. பேஜோ நமுத்துப் போயிரும். இங்கேயே நின்னு சாப்பிடுங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் பிசையத் தொடங்கிவிட்டார்.

தட்டைக் கையில் வாங்கினேன். முதலில் புளிப்பு, அடுத்துப் பூண்டு மணம், மெல்லும்போது நூலின் மென்மைக்கும் பேஜோவின் மொறுமொறுப்புக்கும் இடையே கடலைமாவின் வாசனை. அவன் தூக்குச்சட்டியில் இருந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். சென்னைக்குப் போன அக்குடும்பத்தைப் பற்றி அம்மையாரிடம் விசாரித்தேன். அந்தக் காலத்தில் அப்படிப் போனவர்கள் பலர் என்றார். சாற்றை மட்டும் கேளாமலே மறுபடி ஊற்றினார்.

அப்போது பின்னாலிருந்து "சார்!" என்று ஒரு குரல். என்னிடம் படித்தவர், இப்போது மின்வாரியத்தில் பணியாற்றுகிறார். என்னையும் என் கையிலிருந்த தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் வண்டியின் பக்கம் திரும்பி, "அக்கா, எனக்கும் ஒரு அத்தோ" என்றார்.