கை தூக்காத பிள்ளையின் விடை

"புரிந்ததா?" என்று கேட்டால் வகுப்பே சேர்ந்து "புரிந்தது, டீச்சர்" என்கிறது. யாருக்கு எங்கே சிக்கியது என்பது அந்தக் குரலில் தெரியாது. மலேசியத் தொடக்கப்பள்ளிகளின் இறுதித் தேர்வான யூ.பி.எஸ்.ஆர். 2021இல் நீக்கப்பட்டபின் பிள்ளையின் நிலையைக் கணிக்கும் பொறுப்பு பெரிதும் ஆசிரியர் கைக்கு வந்துவிட்டது. அதனால்தான் கஹூட், மெண்டிமீட்டர் போன்ற செயலிகள் வழி நடக்கும் உடனடி வாக்கெடுப்பைக் கெடா மாநிலத்தின் சுங்கை பட்டாணி, கூலிம் நகரப் பள்ளிகளும் பீடோங், பாடாங் செராய் வட்டாரத் தோட்டப் பள்ளிகளும் கருத்தூன்றிப் பார்க்க வேண்டும். '0.5, 0.25: எது பெரியது?' என்று கேட்டுப் பாருங்கள். 25 என்பது 5ஐவிடப் பெரிது என்று நம்பும் பிள்ளைகள் பலர். வாய்விட்டுக் கேட்டால் கெட்டிக்காரப் பிள்ளை முந்திக்கொள்ளும், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். வாக்கெடுப்பில் ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு விடையைத் தேர்ந்தாக வேண்டும். பெயர் வெளியே தெரியாதபடி நடத்தினால் கூச்சமும் இல்லை.

ஆனால் வாக்கைவிட அடுத்து வரும் பேச்சுதான் முக்கியம். ஹார்வர்ட் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர், 1990களின் தொடக்கத்திலிருந்து மாணவர்களை முதலில் தனியே விடை சொல்லவைத்து, பக்கத்தில் இருப்பவரோடு வாதிடவிட்டு, மீண்டும் கேட்டார். 2009இல் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னும் வியப்பானதைக் கண்டார்கள்: குழுவில் ஒருவருக்குக்கூடச் சரியான விடை தெரியாதபோதும், பேசிய பிறகு அதே கருத்தைச் சோதிக்கும் வேறொரு கேள்விக்கு அவர்கள் மேலும் நன்றாக விடையளித்தனர். இவை பல்கலைக்கழக வகுப்புகள், தொடக்கப்பள்ளிக்கு அப்படியே பொருந்தா என்பது நியாயமான மறுப்பு. ஆனால் காரணம் சொல்லிப் பழகுவதால் சிந்தனை தெளிவது பெரியவர்களுக்கு மட்டும் உரியதன்று.

மாணவர்கள் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரக் கூடாதே, தோட்டத்தில் இணைய வேகமும் போதாதே என்பார்கள். வண்ண அட்டைகள் போதும். வாக்களிக்கும் மின்கருவியையும் அட்டையையும் ஒப்பிட்டுக் கியூபெக் கல்லூரியொன்றில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், கருத்தைப் புரிந்துகொள்வதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பிளிக்கர்ஸ் முறையில் பிள்ளைகள் அச்சிட்ட அட்டையை உயர்த்த, ஆசிரியரின் ஒரே கைப்பேசி எல்லா விடைகளையும் படித்துவிடும். பத்துப் பேர் வகுப்புக்கு இது எதற்கு என்றால், வாய்விட்டுக் கேட்கும்போது சிறிய வகுப்பில்தான் யார் தவறினார் என்பது சட்டென்று எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. நேரம்? எல்லாரும் சரியாகச் சொன்னால் உடனே அடுத்த பாடத்துக்குப் போகலாம். விடைகள் பிரிந்தால் மட்டும் பேசவிட்டால் போதும்.

வேகத்துக்குப் புள்ளி தரும் விளையாட்டு முறையை மட்டும் நான் ஏற்கமாட்டேன். அது நிதானமாக யோசிக்கும் பிள்ளையைத் தண்டிக்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் கைக்கணினிக்கு நிதி திரட்டும் முன், பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடி, பிள்ளைகள் வழக்கமாகத் தடுமாறும் இடங்களைத் தொடும் கேள்விகளைத் தமிழில் எழுத ஒரு சனிக்கிழமையை ஏற்பாடு செய்யட்டும்.