காற்றைப் பிடிக்கும் நூல்



மே மாதம் பிறந்தால் நம்ம ஆறுமுகநேரி உப்பளம் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். அந்த வெயிலில் நின்றுகொண்டு ஒரு பிள்ளை கேட்கிறது: "மாமா, லீவுக்குக் கொடைக்கானல் போறோம். ஆச்சி ஸ்வெட்டர் பின்னித் தாரேன்னு சொல்லிருக்காங்க. எந்த நூல் வாங்கணும்?"

சபாஷ், மக்கா! ஸ்வெட்டர் என்ன நிறம் என்று கேட்காமல், எந்த நூல் என்று கேட்டாயே, அங்கேதான் அறிவியல் தொடங்குகிறது. வா, இப்படி உட்கார். நிதானமாகப் பேசுவோம்.

முதலில் அங்கே எவ்வளவு குளிரும் என்று நாமே கணக்குப் போடலாம். ஆறுமுகநேரி கடலோரம். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் காற்று விரியும். விரியும்போது அது குளிர்ந்துபோகும். பொதுவாக 1,000 மீட்டர் ஏறினால் 6.5 டிகிரி செல்சியஸ் இறங்கும் என்று வைத்துக்கொள். நோட்டை எடு, பெருக்கிப் பார். 13, 14 டிகிரிக்குப் பக்கத்தில் வந்ததா? பலே! நம்ம ஊரில் 35 டிகிரி காயும் பகலில் அங்கே 21, 22தான் இருக்கும். ராத்திரியில் இன்னும் இறங்கும். ஸ்வெட்டர் வேண்டியதுதான்.

இப்போது ஒரு கேள்வி. ஸ்வெட்டர் உனக்குச் சூடு கொடுக்குமா?

"கொடுக்கும்" என்று சொன்னாயானால், ஒரு சோதனை செய்து பார்த்துவிடு. ஒரே அளவுள்ள இரண்டு ஐஸ் கட்டிகள் எடுத்துக்கொள். இரண்டையும் தனித்தனிப் பாலித்தீன் பையில் போட்டு வாயைக் கட்டு. ஒன்றை அப்படியே தட்டில் வை. இன்னொன்றைக் கம்பளித் துணியில் நன்றாகச் சுற்றி வை. எது முதலில் உருகும்? ஸ்வெட்டர் சூடு கொடுக்கும் பொருள் என்றால், சுற்றி வைத்ததுதான் முதலில் உருக வேண்டும். ஆனால் திறந்து கிடப்பதுதான் முதலில் தண்ணீராகும். சுற்றி வைத்தது வெகுநேரம் கட்டியாகவே இருக்கும்.

என்ன நடந்தது? கம்பளி தானாக எதற்கும் சூடு தருவதில்லை. சூடு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். ஐஸ் கட்டியைச் சுற்றினால் வெளிச்சூடு உள்ளே போக முடியாமல் திணறும். உன்னைச் சுற்றினால் உன் உடம்பின் 37 டிகிரிச் சூடு வெளியே போக முடியாமல் திணறும்.

இந்த வேலையைச் செய்வது நூலுக்கு நடுவே மாட்டிக்கொண்ட காற்று. அசையாமல் நிற்கும் காற்று சூட்டை மிக மெதுவாகத்தான் கடத்தும். ஆகவே நல்ல ஸ்வெட்டர் நூல் எது தெரியுமா? நிறையக் காற்றைப் பிடித்து, விடாமல் வைத்திருக்கும் நூல். இதை மட்டும் மனதில் நிறுத்திக்கொள். கடையில் இதை வைத்துத்தான் நூல் பார்க்கப் போகிறோம்.

நூலுக்கும் நம்ம தூத்துக்குடிக்கும் பழைய உறவு உண்டு. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மண் பருத்திக்குப் பேர்போனது. தூத்துக்குடி கோரல் மில்லில் நூல் நூற்றார்கள். அந்தத் தொழிலாளர்கள் ஊதிய உயர்வும் வார விடுமுறையும் கேட்டு 1908இல் வேலைநிறுத்தம் செய்தபோது முன்னால் நின்றவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும்.

ஆனால் அதெல்லாம் பருத்தி நூல். நம்ம உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குப் பருத்திச் சட்டைதான் சுகம். பருத்தி வியர்வையைக் குடிக்கும். வியர்வை ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். வெயிலில் இது வரம். கொடைக்கானல் மூடுபனியில் இதே குணம் வில்லங்கம். பருத்தி நனைந்தால் இழைகள் துவண்டு ஒட்டிக்கொள்ளும். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்காரும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு சூட்டைக் கடத்தும். உடம்புச் சூடெல்லாம் வெளியே ஓடிவிடும். நடுங்க ஆரம்பித்துவிடுவாய்.

நம்ம ஊர்ச் செம்மறி ஆட்டு ரோமத்தில் நூற்கலாமே என்கிறாயா? நல்ல யோசனை. ஆனால் வேம்பூர் ஆட்டைப் பார்த்திருக்கிறாயா? விளாத்திகுளம் பக்கம் நிறைய மேயும். வெள்ளை உடம்பில் செந்நிறத் திட்டுகள் இருக்கும். அந்தப் பக்கத்திலேயே கீழக்கரிசல் என்று இன்னொரு இனமும் உண்டு. இரண்டுக்கும் உடம்பில் இருப்பது குட்டையான, நேரான முடி. கம்பளி கிடையாது. இந்த வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு எந்த ஆடு மேயும், சொல்லு!

கம்பளிக்கு மலைக்குத்தான் போக வேண்டும். நீலகிரியில் நீலகிரி ஆடு என்றே ஓர் இனம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஆட்டையும் மெரினோ போன்ற வெளிநாட்டு ஆடுகளையும் கலந்து உருவானது. நீ போகிற கொடைக்கானல் பக்கத்திலேயே, பூம்பாறை தாண்டி மன்னவனூர் என்று ஓர் ஊர். அங்கே மத்திய அரசின் செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. பாரத் மெரினோ ஆடுகளை வளர்க்கிறார்கள். ராஜஸ்தான் பக்கத்துச் சோக்லா, நாலி ஆடுகளோடு வெளிநாட்டு மெரினோ வகைக் கிடாக்களைச் சேர்த்து உருவாக்கிய இனம் அது. அப்பாவிடம் சொல்லி அந்தப் பக்கமும் ஒரு நடை போய் வா. புல்வெளியில் மேகம் இறங்கி மேய்கிற மாதிரி இருக்கும்.

சரி, அந்த ஆட்டு ரோமத்தில் அப்படி என்ன விசேஷம்?

ஓர் இழையைப் பிரித்துப் பார். நேராக இருக்காது. வளைந்து நெளிந்து சுருண்டிருக்கும். நேரான குச்சிகளை அடுக்கினால் நெருக்கமாகப் படிந்துவிடும். சுருண்ட இழைகளை அப்படி அடுக்க முடியாது. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே நிற்கும். நடுவில் இடைவெளி. இடைவெளியில் யார்? ஆமாம், நம்ம காற்று! சரியாகப் பிடித்துவிட்டாய்.

இன்னும் கிட்டே போவோம். நுண்ணோக்கியில் பார்த்தால் இழையின் மேல் சின்னச் சின்னச் செதில்கள் தெரியும். நம்ம தேரிக்காட்டு வடலிப் பனையை நினைத்துக்கொள். மட்டை வெட்டிய அடித்துண்டுகள் மரத்தைச் சுற்றி, உச்சியைப் பார்த்தபடி அடுக்கடுக்காக இருக்குமே, அதே மாதிரி. கீழிருந்து மேலே தடவினால் கை வழுக்கிப் போகும். மேலிருந்து கீழே தடவினால் குத்தும்.

நம்பிக்கை வரவில்லையா? உன் தலைமுடியிலும் இந்தச் செதில் உண்டு. சீப்பில் சிக்கிய நீளமான முடி ஒன்றை எடு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விரல்களின் நீளவாக்கில் வை. இப்போது விரல்களை முன்னும் பின்னுமாகத் தேய். முடி ஒரே பக்கமாக ஊர்ந்து போகும். தலைகீழாகத் திருப்பி வைத்துத் தேய். எதிர்ப்பக்கம் ஊரும். எப்போதும் வேர் இருந்த முனைதான் முன்னால் போகும். எதற்காக இந்த விளையாட்டு என்று ஸ்வெட்டர் துவைக்கும்போது சொல்கிறேன்.

முடியும் கம்பளியும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. பட்டும் புரதம்தான். நம்ம மன்னார் வளைகுடா முத்துச்சிப்பி பாறையைப் பிடித்துக்கொள்ள விடுகிற நூலும் புரதம்தான். கெரட்டின் மூலக்கூறு சுருள் கம்பி வடிவில் இருக்கும். இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். நம் தோலிலும் தசைநாரிலும் கொலாஜன் என்று இன்னொரு புரதம் இருக்கிறது. அதில் மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக் கிடக்கின்றன என்ற கருத்தை 1954இல் உலகத்துக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ஆச்சி கையில் இருக்கும் முப்புரி நூல் மாதிரியே உன் உடம்புக்குள்ளும் முறுக்கு இருக்கிறது, மக்கா!

இன்னும் ஒன்று பாக்கி. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை நீராவியைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். அப்போதும் தொட்டால் ஈரம் தெரியாது. அப்படி வாங்கும்போது மட்டும் கொஞ்சம் வெப்பம்கூட வெளிவிடும். இழை துவளாமல் நிற்பதால் காற்றும் தங்கும். மூடுபனிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இப்போது கடைக்குப் போவோம். தூத்துக்குடியிலோ திருநெல்வேலியிலோ பேன்சி ஸ்டோரில் "உல்லன் நூல்" கேட்டால் வண்ண வண்ணமாக எடுத்துப் போடுவார்கள். பெரும்பாலும் அது அக்ரிலிக்காக இருக்கும். அக்ரிலிக் என்பது பெட்ரோலியத்திலிருந்து செய்கிற இழை. 1950 வாக்கில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் ஆர்லான் என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அக்ரிலிக் மட்டமான பொருள் இல்லை. விலை குறைவு, துவைப்பது சுலபம், பூச்சி அரிக்காது. அதுவும் காற்றைப் பிடிக்கும். ஆனால் ஈரத்தை உள்ளே வாங்காது. ஓடி விளையாடி வியர்த்தால் உள்ளே கசகசக்கும். என்னைக் கேட்டால், மலைக்குக் கம்பளிதான் வாங்கச் சொல்வேன். காசு இடித்தால் பாதி கம்பளி, பாதி அக்ரிலிக் கலந்த நூல் போதும்.

எது எது என்று கண்டுபிடிப்பது எப்படி? முதலில் நூல்கண்டைச் சுற்றியிருக்கும் சீட்டைப் படி. எந்த இழை எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். நூலுருண்டை மாதிரிச் சுழலும் கோடுகளோடு உல்மார்க் முத்திரை இருந்தால் நல்லது. 1964 முதல் கம்பளிக்கு இருக்கிற முத்திரை அது. சீட்டில் சந்தேகமா? துண்டு நூலை வீட்டுக்குக் கொண்டுவந்து பெரியவர்கள் கையால் கொளுத்திப் பார்க்கச் சொல். நீ தீக்குச்சியைத் தொடக் கூடாது, தள்ளி நின்று பார். கம்பளி முடி கருகும் நாற்றம் அடிக்கும், தீயை எடுத்ததும் தானே அணையும், சாம்பலை விரலால் பொடிக்கலாம். அக்ரிலிக் உருகிக் கறுப்பு மணியாக இறுகும். பருத்தி காகிதம்போல் எரியும்.

அடுத்து, நூலைக் கழுத்தில் வைத்துப் பார். விரலில் பார்த்தால் போதாது. கழுத்துத் தோல்தான் உண்மையைச் சொல்லும். உன் முடியின் பருமன் சுமார் 70 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மெரினோ இழை பொதுவாக 24 மைக்ரானுக்குக் கீழே இருக்கும். மெல்லிய இழையின் நுனி தோலில் பட்டதும் வளைந்துகொடுக்கும். 30 மைக்ரானைத் தாண்டிய இழை வளையாமல் குத்தும். "கம்பளி அரிக்குது" என்று அழுகிற பிள்ளைகள் எல்லாரும் அழுவது இந்தத் தடித்த இழையால்தான்.

பிறகு நூலை மெதுவாக இழுத்து விடு. பழைய நீளத்துக்குத் திரும்புகிறதா? கட்டைவிரலால் கொஞ்சநேரம் தேய். பிசிறு கிளம்பினால் உள்ளே குட்டை இழைகள் அதிகம், முறுக்கும் போதாது. அந்த ஸ்வெட்டர் சீக்கிரமே முழங்கையில் உருண்டை உருண்டையாகத் திரளும். முனையைப் பிரித்து எத்தனை புரி என்று எண்ணு. ஒற்றைப் புரியைவிட மூன்று, நான்கு புரி முறுக்கிய நூல் நாள்பட உழைக்கும். ரொம்ப இறுக்க முறுக்கியதும் வேண்டாம். காற்றுக்கு இடம் வேண்டுமே!

எவ்வளவு வாங்கலாம்? நடுத்தரப் பருமன் நூல் என்றால் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஏறத்தாழ 400 கிராம் ஆகும். ஆச்சியிடம் கேட்டு ஒரு கண்டு கூடுதலாகவே வாங்கிக்கொள். எல்லாக் கண்டுகளிலும் லாட் நம்பர், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்கான எண், ஒன்றாக இருக்கிறதா என்று பார். சாயத்தொட்டியின் சூடு, நேரம், சாயத்தின் அளவு எது கொஞ்சம் மாறினாலும் நிறம் மாறிவிடும். கடை வெளிச்சத்தில் தெரியாது. ஒரு கை நீலம், மறு கை வேறு நீலம் என்று வெயிலில்தான் தெரியும்.

இனி துவைக்கும் கதை. அந்த முடி விளையாட்டு நினைவிருக்கிறதா? வெந்நீரில் சோப்புப் போட்டுக் கம்பளியைக் கசக்கினால், ஒவ்வோர் இழையும் அதே மாதிரி ஒரே பக்கமாக ஊரும். ஒன்றோடொன்று செதில் கோத்துக்கொள்ளும். திரும்பிவர முடியாது. ஸ்வெட்டர் தடித்துச் சுருங்கி உன் தம்பிக்குக்கூடப் பத்தாமல் போகும். அதனால் குளிர்ந்த தண்ணீரில் மென்மையான சோப்புக் கரைசலில் ஊறவைத்து, மெதுவாக அமுக்கி அலசினால் போதும். அடித்துத் துவைக்காதே, முறுக்கிப் பிழியாதே. கொடியில் தொங்கவும் விடாதே. ஈரக் கம்பளி கனக்கும், இழுத்துக்கொண்டு நீண்டுவிடும். நிழலில் பாய் மேல் விரித்துக் காயப்போடு.

நன்றாகக் காய்ந்த பிறகு காற்றுப் புகாத டப்பாவில் வை. உடுப்புப் பூச்சி என்ற சின்ன அந்துப்பூச்சி கம்பளியைத் தேடி வரும். பறக்கும் பூச்சி எதையும் தின்னாது. அது இடும் முட்டையிலிருந்து வருகிற புழுதான் கெரட்டினைத் தின்று ஓட்டை போடும். மாதம் ஒரு தடவை டப்பாவைத் திறந்து, ஸ்வெட்டரை உதறி, கொஞ்சநேரம் வெயில் காட்டி, மடிப்புகளை நன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்ப மடித்து வை. மிச்சமான நூல்கண்டையும் அதே டப்பாவில் போட்டு வை. ஓட்டை விழுந்தால் அதே லாட் நூலில் ஆச்சி அடைத்துத் தருவார்.