‘விசர்’ என்ற சொல்லும் ‘பாவம்’ என்ற சொல்லும்

யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கில் ‘விசர்’ என்ற சொல் படும் பாடு பெரிது. சினந்தவனுக்கும் விசர், அடம்பிடிக்கும் பிள்ளைக்கும் விசர். நல்லூர்த் தேரடியில் உலகை மறந்திருந்த செல்லப்பா சுவாமிகளையும் அக்காலத்தார் பலர் அச்சொல்லாலேயே சுட்டினர். கொழும்பை அடுத்த அங்கொடையில் மனநோய் மருத்துவமனை அமைந்தமையால் அவ்வூரின் பெயரே ஈழநாடெங்கும் ஒரு வசையாயிற்று. நோயுற்று, மருந்துண்டு, தேறி எழுந்த ஒருவரின் காதில் இவை எவ்வாறு விழும் என்பதை நாம் எண்ணுவதில்லை.

ஆயினும், வசையினும் வலிய சொல் ஒன்றுண்டு. அது ‘பாவம்’ என்பது. வசையை எவரும் வசையென்று அறிவர். ‘பாவம்’ என்பதோ இரக்கத்தின் கோலம் பூண்டு வருகிறது. அதனால் எவரும் அதனை ஐயுறுவதில்லை. தொழில் தேடித் தருவதையே தொழிலாகக் கொண்ட சமூக சேவை உத்தியோகத்தர், மனிதவலு உத்தியோகத்தர், தொழிற்பயிற்சி ஆசிரியர் ஆகியோர் வாயில் அது பிறக்குமாயின், அதன் விளைவு கொடிது. “பாவம், அவருக்கு ஏலாது, முதலில் முழுச்சுகம் வரட்டும்” என்று அன்போடு கூறப்படும் ஒரு வார்த்தை, ஒருவரைப் பல்லாண்டு திண்ணையில் இருத்திவிடக் கூடும்.

முழுச்சுகம் வந்த பின்னரே தொழில் என்பது சரியான முறைதானா? அமெரிக்காவின் நியூ ஹம்ஷயர் மாநிலத்தில் றொபேட் டிரேக், டெபோரா பெக்கர் என்னும் அறிஞர் இருவர் 1990களில் இம்முறையைத் தலைகீழாக்கினர். நீண்ட பயிற்சி முடியட்டும் எனக் காத்திராது, உழைக்க விரும்பும் எவரையும் நோயின் பெயர் கூறித் தள்ளாது, அவர் விரும்பும் வேலையிலே முதலில் அமர்த்தினர். பின்னர் விடாது துணைநின்றனர். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒப்புநோக்கியபோது, இவ்வழியில் சென்றோருள் பாதிக்கு மேற்பட்டோர் ஊதிய வேலை பெற்றமையும், பிற வழிகளில் ஏறத்தாழ நாலிலொரு பங்கினரே பெற்றமையும் தெரியவந்தன. ‘ஏலாது’ என்ற தீர்ப்புப் பலர் திறத்தில் பிழையாயிருந்தது என்பதன்றோ இதன் பொருள்!

இலங்கையில் சட்டமும் வாயிலை அடைக்கவில்லை. அரச சேவை வெற்றிடங்களில் நூற்றுக்கு 3 வீதம் வலுக்குறைந்தோருக்கென 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒதுக்கியது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உடற்குறையோடு உளக்குறையையும் சேர்த்தே பேசுகிறது. வாயில் திறந்திருந்தும், வாயிற்காவலரின் மனம் மூடியிருப்பின் பயன் யாது?

அம்மனத்தைத் திறப்பது எங்ஙனம்? சொற்பொழிவுகள் ஓரளவே உதவும். முற்கோள் பற்றி 1954இல் நூல் எழுதிய கோர்டன் அல்போட், ஒத்த நிலையில் நின்று ஒரே நோக்கிற்காக ஒன்றுகூடும்போதே மாந்தரிடையே தப்பெண்ணம் கரையும் என்றார். மனநோய் பற்றிய பிற்கால ஆய்வுகளும் தேறியவரை நேரிற் சந்தித்தலின் வலிமையை உணர்த்தின. எனவே, உத்தியோகத்தரைப் பயிற்றும் மேடையில் மருத்துவர் மட்டும் பேசுதல் போதாது; நோயினின்று மீண்டு உழைத்து வாழ்பவரும் ஆசிரியராய் அமர்தல் வேண்டும்.

மற்றவை சிறு காரியங்களே. மருந்தின் மயக்கம் காலையில் மிகுமாயின் வேலை தொடங்கும் நேரத்தைச் சற்றே பின்தள்ளலாம். கிளினிக் நாளுக்கு விடுமுறை கேட்டுக் கொடுக்கலாம். அவர் இசைவின்றி நோயின் பெயரை முதலாளிக்கு வெளியிடாதிருக்கலாம். “உமக்கு என்ன நோய்?” என்பதற்கு முன் “உமக்கு என்ன வேலை பிடிக்கும்?” என்று வினவலாம்.

போர் இம்மண்ணின் மனங்களில் விட்டுச்சென்ற வடுவைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் நூலாகவே வெளியிட்டார். அவ்வடு ஒரு சிலருடையதன்று. நம் வீடுகள்தோறும் உள்ளது. ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். தெரிய வேண்டியது ஒருவரின் திறன். மருத்துவச் சீட்டிலுள்ள பெயரன்று. இதனை நம் அலுவலகங்கள் உணரும் நாளில், பலர் திண்ணையை விட்டு எழுவர்.