சோக் குமிழ் ஏன் சுட்டது?

மயிலாப்பூரில் என் சித்தி வீட்டு ஷெட்டில் 1958-ம் வருஷத்து மோரிஸ் மைனர் ஒன்று இருக்கிறது. சித்தப்பா காலமான பிறகு, ஞாயிறுதோறும் கடற்கரை வரை அதை ஓட்டிப் போய் வருவது சித்திதான். போன மாதம் ஒரு நாள் அது கிளம்ப மறுத்துவிட்டது. செல்ப் குமிழை இழுத்தால் 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். புதுப் பாட்டரி போட்டாயிற்று, அப்பொழுதும் 'டொக்'தான்!

பார்க்க வந்த மெக்கானிக் கையை விரித்தார். "வயரிங் பூரா போயிடுச்சும்மா. மாத்தினா நாற்பதாயிரம் ஆகும். பேசாம தள்ளிவிட்டுடுங்க, தெரிஞ்ச பார்ட்டி ஒருத்தர் இருக்காரு" என்றார். பார்ட்டி மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார் என்பதைக் கவனியுங்கள்!

"ஏண்டீ, கொடுத்துடட்டுமா?" என்று சித்தி என்னைக் கேட்டபோது அவள் குரல் கம்மியது. எதற்கும் ஒரு தடவை பார்ப்போம் என்று போனேன். சித்தி நாலைந்து முறை செல்பை இழுத்தாள். பிறகு சோக் குமிழில் கை வைத்தவள், "ஐயோ, சுடறதே!" என்று கையை உதறினாள்.

வாசக நேயர்களே, குற்றவாளி அகப்பட்டது அங்கேதான். சோக் என்பது வெறும் இழுகம்பி. அதில் மின்சாரத்துக்கு என்ன வேலை?

காரில் மின்சாரம் போவது வயர் வழியாக. பாட்டரிக்குத் திரும்பி வருவது வண்டியின் இரும்பு உடம்பு வழியாக. இந்தத் திரும்பும் வழியைத்தான் 'எர்த்' என்கிறார்கள். போன பஸ் திரும்பி வந்தால்தானே மறுபடி போக முடியும்? என்ஜினோ ரப்பர்த் துண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதையும் உடம்பையும் இணைப்பது ஜடை போலப் பின்னிய ஓர் உலோகப் பட்டை. அது அறுந்தால், செல்புக்கு வேண்டிய நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட மின்சாரம் குறுக்கு வழி தேடிச் சோக் கம்பியில் நுழைகிறது. கம்பி பழுத்துத் தீப்பிடிக்கவும் கூடும். ஆகையால் சூடு கண்டால் மேலும் இழுக்காதீர்கள்.

சித்தியின் வண்டியில் அந்தப் பட்டை பச்சைக் களிம்பேறி, இரண்டு மூன்று இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. தடித்த ஜம்பர் வயர் ஒன்றை எடுத்து, பாட்டரியின் எர்த் முனையிலிருந்து என்ஜினுக்குக் கொடுத்தோம். ஒரே இழுப்பில் என்ஜின் உறுமியது! சில நூறு ரூபாயில் புதுப் பட்டை. அது உட்காரும் இடத்தை உப்புத்தாள் கொண்டு பளபளவென்று தேய்த்துவிட்டால் முடிந்தது காரியம்.

மற்றக் கோளாறுகளுக்கு 12 வோல்ட் பல்பில் இரண்டு வயர் சேர்த்த சோதனை விளக்கு போதும். ஒரு முனையை எர்த்தில் வைத்து, மறுமுனையால் தொட்டுக்கொண்டே போங்கள். அந்நாளைய ஆங்கில வண்டிகளில் பழுப்பு வயருக்கு எப்போதும் உயிர் உண்டு, வெள்ளைக்குச் சாவி திருப்பினால், பச்சை, பியூஸைத் தாண்டி வருவது, கறுப்பு, எர்த். அழுக்கைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். புடவைக்கு ரவிக்கை நிறம் தேடும் கண்ணுக்கு இது எம்மாத்திரம்? மைனரின் முன்விளக்குகள் பியூஸ் வழியே வருவதில்லை. அவை மங்கினால் பியூஸைத் திட்டிப் பயனில்லை. எரிந்த பியூஸில் சிகரெட் ஜிகினாத் தாளைச் சுற்றுகிறவர்களை மட்டும் வண்டிப் பக்கமே அண்டவிடாதீர்கள்.

முக்கியமாக, வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிட்டுக் கை வையுங்கள். பாட்டரியின் இரு முனைகளுக்கும் குறுக்கே தங்க வளையல் பட்டால் நொடியில் பழுத்துக் கையைப் பொசுக்கிவிடும். கழற்றும்போது எர்த் வயர்தான் முதலில். இந்தப் பழைய வண்டிகள் பலவற்றில் எர்த் என்பது பாஸிட்டிவ் முனை; புதுப் பாட்டரி வைக்கிற பையனிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பார்ட்டி மறுபடியும் வந்தார். கேட்டை மறித்து நின்ற அவருடைய ஸ்கூட்டரைச் சற்று நகர்த்தச் சொன்னாள் சித்தி. வண்டியை வெளியே எடுக்க வேண்டியிருந்தது.