பஸ் நிற்கும் இடத்தில் கார்! நடுரோட்டில் இறங்கும் பனியன் தொழிலாளர்கள்

அவிநாசிபாளையம்:
கோவை–திருச்சி ரோடும், திருப்பூர்–தாராபுரம் ரோடும் சந்திக்கும் ஊர் அவிநாசிபாளையம். சாயங்காலம் பனியன் கம்பெனி வேலை முடிந்து வருகிறவர்கள் பஸ்சை விட்டு இறங்குவது எங்கே தெரியுமா? நடுரோட்டில்!

பஸ் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கார். பக்கத்திலேயே துணி பண்டல் ஏற்றிய வேன். டிரைவரை டீக்கடையில் தேடிப் பிடித்தால், "ரெண்டே நிமிசந்தானுங்க" என்கிறார். அந்த ரெண்டு நிமிசம் கால் மணி நேரமாக நீளுகிறது.

பஸ்சுக்கும் காருக்கும் நடுவே உள்ள சந்தில் மொபட்டுகள் சீறிக்கொண்டு வருகின்றன. இறங்குகிறவர்கள் கால் வைப்பதும் அதே சந்தில்தான்.

"டிபன் கேரியரும் கையுமா இறங்குறமுங்க. இடிச்சுப் போட்டா யாரு பொறுப்புங்க?" என்று குமுறினார் தையல் வேலைக்குப் போகும் ஒரு பெண்.

சட்டம் என்ன சொல்கிறது?

பஸ் நிறுத்தம் அருகிலும், ரோடு சந்திப்புக்கு முன்னும் பின்னும் 50 மீட்டர் தூரத்திலும் வண்டியை நிறுத்தக்கூடாது என்கிறது 2017-ம் ஆண்டு விதி. மீறினால், 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 127-வது பிரிவின்படி போலீசார் வண்டியை இழுத்துச் செல்லலாம். அந்தச் செலவு? வண்டியின் சொந்தக்காரர் தலையில்தான்!