நித்தியகல்யாணியும் ஊசி மருந்தும்

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் சாலையிலுள்ள எங்கள் மங்கலம்பேட்டையில், நித்தியகல்யாணி பூக்காத தெரு இல்லை. நீர் வார்ப்பார் இல்லாவிடினும் அது ஆண்டு முழுவதும் பூக்கும். சுடுகாட்டு மல்லி என்ற பெயரும் அதற்கு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் கலங்கிய முகத்துடன் வந்தார். அவருடைய பெண் குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய். மருத்துவமனையில் வின்கிரிஸ்டின் என்னும் மருந்தை ஊசி வழியே செலுத்தி வந்தார்கள். அது இச்செடியிலிருந்து எடுக்கப்படுவது என்று யாரோ அவரிடம் கூறியிருக்கிறார்கள். "ஐயா, வாசலிலேயே செடி இருக்கக் குழந்தையை ஏன் ஊசியால் வருத்த வேண்டும்? இலையை அரைத்துக் கொடுத்தால் ஆகாதா?" என்று கேட்டார். பெற்ற மனம் கேட்கக்கூடிய கேள்விதான். அவருக்குச் சொன்ன விடையையே இங்குச் சற்று விரித்துக் கூறுகிறேன்.

இச்செடியின் தாயகம் மடகாஸ்கர் தீவு. பல நாடுகளில் இதன் இலையை நீரிழிவுக்குக் கஷாயமாக அருந்தி வந்தனர். 1952-இல் ஜமைக்காத் தீவிலிருந்து 25 இலைகள் ஓர் உறையில் கனடாவுக்கு வந்து சேர்ந்தன. அவற்றைப் பெற்ற இராபர்ட் நோபிள் என்னும் ஆய்வாளர் சாற்றை எலிகளுக்குப் புகட்டிப் பார்த்தார், சர்க்கரை குறையவில்லை. அதையே ஊசியால் செலுத்தியபோது எலிகள் சில நாட்களில் கிருமித் தொற்றால் மாண்டன. இரத்தத்தின் வெள்ளணுக்கள் அருகிப் போனதே காரணம். வெள்ளணு மட்டுமீறிப் பெருகும் இரத்தப் புற்றுக்கு இது பயன்படலாம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் பிறந்தது. நோபிளும் சார்லஸ் பீரும் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் 1958-இல் அறிவிக்கப்பட்டது. அதன் உடன்பிறப்பான வின்கிரிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது.

இம்மருந்து செய்யும் வேலை யாது? ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, அதனுள் நூற்கும் கதிர் போன்ற ஓர் அமைப்பு தோன்றுகிறது. மிக மெல்லிய நுண்குழல்களால் ஆன அக்கதிரே குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துப் பங்கிடுகிறது. வின்கிரிஸ்டின் அந்நுண்குழல்கள் உருவாகாதபடி தடுத்துவிடும். பிரிவு நடுவழியில் நின்று உயிரணு மடியும். ஓயாமல் பிரிவது புற்றணுவின் இயல்பாதலால், அடி அதன்மேல் கடுமையாக விழுகிறது. மயிர்க்கால்களின் அணுக்களும் விரைந்து பிரிபவை. முடி கொட்டுவது அதனால்தான்.

ஆனால் அதே நுண்குழல்கள் நம் நரம்புகளிலும் உள்ளன. அங்கே அவை தண்டவாளங்களைப் போல நின்று, நரம்பின் நீளம் முழுவதும் வேண்டிய பொருள்களைக் கொண்டு சேர்க்க உதவுகின்றன. அவை தடைப்பட்டால் விரல் மரத்துப் போகும். பாதத்தைத் தூக்கி வைக்க இயலாது. குடலின் நரம்பு சோர்ந்து மலச்சிக்கல் உண்டாகும். நன்மையும் தீமையும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதைக் கவனியுங்கள்.

இனி அளவைப் பார்ப்போம். வளர்ந்தவருக்கே ஒரு முறைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமுக்கு மேல் வின்கிரிஸ்டின் கொடுப்பதில்லை. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் பெற ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். வின்கிரிஸ்டின் அதனினும் அரிது. ஆகவே ஒரு கைப்பிடி இலையில் மருந்து இல்லையென்றே கூறலாம். ஆனால் நச்சுத் தன்மையுடைய வேறு பல காரப்பொருள்கள் அதில் உண்டு. நோயை விட்டுவிட்டுக் குழந்தையைத்தான் அச்சாறு தாக்கும்.

ஊசியிலும் செல்லும் வழியே முக்கியம். வின்கிரிஸ்டினை இரத்தக்குழாயில் மட்டுமே செலுத்த வேண்டும். குழாயைவிட்டுக் கசிந்தால் சுற்றியுள்ள தசை புண்ணாகிவிடும்; எரிச்சல் தோன்றிய கணமே செவிலியரிடம் சொல்ல வேண்டும். இதனினும் கொடிய ஆபத்து ஒன்று உண்டு. இரத்தப் புற்றணுக்கள் மூளைப் பக்கம் ஒளிந்துகொள்ளாதபடி, மெத்தோட்ரெக்ஸேட் என்ற வேறொரு மருந்தை முதுகுத் தண்டின் நீரில் செலுத்துவர். (இவ்வகை மருந்துகளுக்கு வழிதிறந்தவர்களுள் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத் தக்கது.) இரண்டும் ஒரே நாளில், ஒரே மாதிரிக் குழலில் மேசைமேல் இருந்தால் கை தவற இடமுண்டு. வின்கிரிஸ்டின் தண்டுவட நீரில் சென்றால் பெரும்பாலும் மரணமே. வெளிநாடுகளில் தேர்ந்த மருத்துவமனைகளிலும் இப்பிழை நேர்ந்திருக்கிறது. ஆகவே இம்மருந்தை ஊசிக் குழலில் வைக்காமல், சிறு பையில் நீர்த்து நரம்பில் சொட்டுச் சொட்டாக இறக்கும்படி உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் அறிவுறுத்தியது. பையிலுள்ள நீரை முதுகுத் தண்டில் ஏற்ற எவரும் முற்படார் அல்லவா? எளிய உபாயம், ஆயினும் உயிர்காப்பது.

இவ்வளவும் கேட்ட பின் அம்மாணவர் தலைகுனிந்தார். பாட்டியம்மாள் இரண்டு நாளாகக் குழந்தைக்கு இலைச்சாறு கொடுத்து வருவதாகவும், மருத்துவர் சினப்பார் என்றஞ்சி மறைத்துவிட்டதாகவும் கூறினார். பூஞ்சை நோய்க்குத் தரும் சில மாத்திரைகள்கூட இவ்வூசியின் நஞ்சைக் கூட்டவல்லவை. அப்படியிருக்க இச்சாற்றை மறைக்கலாமா என்று கேட்டேன். அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. என் வீட்டுத் தொலைபேசியிலேயே மருத்துவமனையை அழைத்துச் சொல்லிவிட்டார்.